தனியில் எழுந்து போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மார்கழி ரசிகர்களுக்கு,

டிசம்பர் கச்சேரிகள் முடிந்து தை பிறந்ததும், சென்னையில் பாட்டுக் கேட்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: இந்த சீசனில் மறக்க முடியாத கச்சேரி எது? வயதில் மூத்தவர்கள் என்றால் கேள்வி பல பத்தாண்டுகள் பின்னோக்கிப் போகும். இதுவரை கேட்டதிலேயே எது? பதில்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பாடியவர் பெயர், சபாவின் பெயர், ஒரு ராகம். அன்றைக்குப் பாடிய அந்தத் தோடி, அந்தக் காம்போதி, அந்தப் பல்லவி. “அன்றைய தனி ஆவர்த்தனம்” என்று பதில் சொல்கிறவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் சிக்கலான காரணம் எதுவும் இல்லை. தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் அந்தத் தனி நடக்கும்போது பாதிப் பேர் அரங்கில் இருப்பதில்லை. மெயின் உருப்படியின் ஸ்வரம் முடிந்து, பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்ததும் நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். முதல் சொல் விழுவதற்குள் பாதை நிறைந்துவிடும். கேண்டீனில் காபி, வாசலில் அரட்டை, அடுத்த சபாவில் யார் பாடுகிறார் என்ற விசாரணை. துக்கடாவுக்குச் சரியாகத் திரும்பி வந்துவிடுவீர்கள்.

இதைப் பற்றிச் சொல்லும்போது வழக்கமாக வரும் குற்றச்சாட்டு மரியாதைக் குறைவு என்பது. வித்துவானை அவமதிக்கிறார்கள் என்று மேடையிலிருந்தே கோபப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் இந்த மடலின் விஷயம் அது அல்ல. மரியாதை இல்லாமலும் நல்ல இசை நடக்கும். மரியாதைக்காக மட்டும் உட்கார்ந்திருப்பவரால் யாருக்கும் பயனில்லை. என் வாதம் வேறு. கச்சேரி முழுவதிலும் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் கிடைக்கும் என்று சொல்லத்தக்க பகுதி தனி ஆவர்த்தனம். அதோடு, கேட்பவரின் கை இல்லாமல் அது முழுமையாவதும் இல்லை. மறக்க முடியாத கச்சேரி ஒன்று வேண்டும் என்று சீசன் முழுக்கச் சபா சபாவாக அலைகிறவர்கள், அது உருவாகக்கூடிய இடத்தில்தான் சரியாக எழுந்து போகிறீர்கள் என்பது என் கட்சி.

கை என்று சொன்னேன். அதை விளக்க வேண்டும். பாட்டு நடக்கும்போது தாளம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. சாகித்யமே அதைச் சுமந்து வருகிறது. பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு எங்கே, அரைத் தாளம் எங்கே என்பது பாட்டின் வரியிலேயே தெரியும். தாளமே போடாதவருக்கும் பல்லவி திரும்பும் இடம் காதில் விழுந்துவிடும். தனி தொடங்கியதும் இந்தத் துணை போய்விடுகிறது. வயலின் ஓய்கிறது, குரல் ஓய்கிறது, தம்புரா மட்டும் இழைந்துகொண்டிருக்கிறது. மிருதங்கமோ தாளத்தை அடித்துக் காட்டுவதில்லை. அதன் வேலை தாளத்தின் மேல் வேறு ஒன்றைக் கட்டுவது, சில சமயம் தாளத்துக்கு எதிராகவே நடப்பது. அப்படியானால் அந்த நேரத்தில் ஆதி தாளம் எங்கே இருக்கிறது? பாடகரின் தொடையில் விழும் கையில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கைகளில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

வடக்கே தபலா தனியாக வாசிக்கும்போது இப்படி விடுவதில்லை. சாரங்கியோ ஹார்மோனியமோ ‘லஹரா’ என்ற ஒரு சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். தாளத்தின் தொடக்கமான ஸம் எங்கே வருகிறது என்பது அந்த மெட்டில் எல்லோருக்கும் கேட்கும். தபலாக்காரர் எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் கேட்பவர் கையில் ஒரு கயிறு இருக்கிறது. நம் முறையில் அந்தக் கயிறு கிடையாது. தாளத்தைக் காதால் கேட்க வழியில்லாமல் கையால் மட்டுமே வைத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது நம் தனி. இதைக் குறையாகச் சொல்லலாம். எனக்கு இது ஓர் ஒப்பந்தமாகத் தெரிகிறது. மேடையில் இருப்பவர் வீடு கட்டுகிறார், தரையைக் கீழே இருப்பவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முன் வரிசைகளில் ஐம்பது பேர் தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், தட்டு, வீச்சு என்று போட்டுக்கொண்டிருக்கும் அரங்கில் மிருதங்கக்காரர் தைரியமாக விலகிப் போவார். அந்த ஐம்பது பேரும் காபி வரிசையில் நின்றால், அவர் யாரை நம்பி விலகுவார்?

ஒரு சின்னக் கணக்கு. ஆதி தாளம் எட்டு அட்சரம். சதுசிர நடையில் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆகவே ஓர் ஆவர்த்தனத்துக்கு 32, இரண்டுக்கு 64. நான்கு நான்காக ஓடும் இந்தத் தரையின் மேல் ‘தகிட தகதிமி’ என்று ஏழு மாத்திரைச் சொல் ஒன்றை ஏழு முறை வாசித்தால் 49. மிச்சம் 15. ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை. மூன்று முறை வாசித்தால் 15. ஏழும் ஐந்தும் நான்கோடு ஒட்டாத எண்கள். இடையில் ஏறக்குறைய எங்கே தட்டினாலும் கையும் காதும் முரண்டு பிடிக்கும். கடைசித் ‘தொம்’ முடிந்த மறுகணம் மட்டும் கை சமத்தில் வந்து விழும். காகிதத்தில் இது பள்ளிக்கூடக் கூட்டல். கையில் தாளம் வைத்திருப்பவருக்கு இது வழி தவறிப் போய், தவறியே விட்டோம் என்று முடிவுகட்டும் நேரத்தில் வீட்டு வாசலில் நிற்பதைப் போன்றது. பாட்டின் எடுப்பு சமத்தில் இல்லாமல் அரை இடத்திலோ முக்கால் இடத்திலோ இருந்தால் இப்படிக் கட்டிய கோர்வையும் அந்த இடத்தில்தான் போய் இறங்க வேண்டும். மூன்று முறை வாசிக்கும் கோர்வை கடைசியாக முடியும் அந்தப் புள்ளியில் பாடகர் பாட்டின் அடியைப் பிடிக்கிறார். கால் மணி நேரமாகக் குரலே கேட்காத அரங்கில் அந்த ஒரு சொல் வந்து விழும் கணத்துக்கு ஈடாக எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வெளியே நிற்பவருக்கு அது கைதட்டல் ஓசையாகக் கேட்கும். தனி முடிந்தது, உள்ளே போகலாம் என்பதற்கான மணியாக.

இனி நேரில் வருவதைப் பற்றி. இருபதாம் நூற்றாண்டில் நம் இசை வீட்டுக்கு வந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். எல்.பி. தட்டு வந்தபோது பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. இந்தப் பெட்டிகளுக்குள் கீர்த்தனையைச் சுருக்கி அடைத்தார்கள். ஆலாபனையையும் ஓரளவு அடைத்தார்கள். தனிக்கு இடம் இருக்கவில்லை. ஒலிநாடாக் காலத்திலும் இடம் போதாதபோது முதலில் கத்தரி விழுந்தது அதன் மேல்தான். ஒரு பெரிய பாடகரின் குரலை மூன்று தலைமுறை வீட்டிலிருந்தே அறிந்திருக்கிறது; அதே காலத்தின் பெரிய மிருதங்கக்காரர்களைப் பாட்டின் கீழ் ஓடும் ஓசையாக மட்டும்தான் அறிந்திருக்கிறது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை லயத்துக்குப் பேர்போனவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையத் தாளக்காரர்களை வைத்துக்கொண்டு பாடியவர். அதை ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்பார்கள். அந்த மேடைகளில் நடந்த எதுவும் இன்று நமக்குக் கிடைக்காது. அன்று உட்கார்ந்திருந்தவர்களோடு அது போய்விட்டது.

இப்போதுதான் யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, முழுத் தனியும் பதிவாகிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் கணக்கு கேட்கும், வேகம் கேட்கும். நாதம் கேட்பது கடினம். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் கரணை. இடது முகமான தொப்பியில் ரவைப் பசை. அந்தப் பசை ஈரமாக இருக்கும்வரைதான் இடக்கையின் கும்கி கனமாக எழும். நேரம் போகப் போகக் காயும். வித்துவான் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொள்வார். இந்த அடி நாதம் அரங்கின் காற்றில் பரவி நெஞ்சில் வந்து மோத வேண்டிய ஒன்று. கைப்பேசி ஸ்பீக்கரில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக்கையே எதிர்த்தார், மைக் இல்லாத கச்சேரிகளை வற்புறுத்தினார் என்பது இசை உலகம் அறிந்த செய்தி. அவருடைய முடிவை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்லலாம். ஆயிரம் பேர் அமரும் அரங்கில் ஒவ்வாதுதான். ஆனால் எதைக் காப்பாற்ற அவர் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்று யோசியுங்கள். தோலுக்கும் காதுக்கும் நடுவே வேறொன்று வரக்கூடாது என்பதற்காக. பாட்டின்போது அந்த நாதம் குரலுக்கு அடங்கி ஒலிக்கிறது. அது தனியாகக் கேட்கக் கிடைப்பது கச்சேரியில் அந்த ஒரு நேரம் மட்டும்தான்.

உங்கள் தரப்புக்கு வருகிறேன். முதல் பதில் எப்போதும் இது: “கணக்கு எங்களுக்குப் புரியாது.” இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை, காரணம் சொல்கிறேன். சென்னை சபாக்களில் பாடப்படுவதில் பெரும்பகுதி தெலுங்கு, அதற்கு அடுத்து சமஸ்கிருதம். கேட்பவர்களில் மிகப் பலருக்கு இரண்டும் தெரியாது. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்ததே, கேட்பவருக்குப் புரியாத மொழியில் பாடுவதா என்ற கேள்வியை வைத்துத்தான். 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்ததும் அதன் தொடர்ச்சி. அந்த விவாதத்தில் மறுதரப்பார் சொன்ன வாதம் என்ன? நாதத்துக்கு மொழி தேவையில்லை, பொருள் புரியாவிட்டாலும் மனம் உருகும் என்பது. தியாகராஜரின் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் தெரியாமலே கண்கலங்கும் அதே ரசிகர், ‘தரிகிட’வுக்குப் பொருள் தெரியவில்லை என்று எழுந்து போவது எப்படிப் பொருந்தும்? புரியாமை காரணமாக இருந்தால் கச்சேரியின் முதல் உருப்படியிலேயே அரங்கு காலியாகியிருக்க வேண்டும். தவிர, தனியைக் கேட்கக் கோர்வையின் எண்களைப் பிரிக்கத் தெரிய வேண்டியதில்லை. எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது பதிலில் உண்மை அதிகம். “கேட்கும்படியாக இருந்தால்தானே உட்கார?” எல்லாத் தனியும் நன்றாக இருக்கிறது என்று வாதாட நான் வரவில்லை. மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் என்று நால்வர் சேர்ந்துகொண்டு ஒரே மாதிரியான சுற்றுகளை மாறி மாறி வாசித்து, குறைப்பில் நான்கு, இரண்டு, ஒன்று என்று இறங்கி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து உரத்து முடிக்கும் சடங்கை நானும் குறைத்துத்தான் மதிப்பேன். கைதட்டலுக்காக வேகம், வேகத்துக்காகத் தெளிவின்மை என்ற நோய் பரவலாக இருக்கிறது. மோரா, கோர்வை, குறைப்பு என்று எல்லாக் கச்சேரியிலும் ஒரே வார்ப்புதானே என்பவர்களுக்கு மட்டும் ஒரு சிறு பதில்: தோடி ஆலாபனைக்கும் வார்ப்பு இருக்கிறது. கீழே தொடங்கி, மத்தியில் நின்று, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு இறங்குவது நாற்பது பேர் பாடினாலும் நாற்பது முறையும் அதேதான். அங்கே வார்ப்பைத் தாண்டிக் கேட்கக் கற்றிருக்கிறோம். இங்கே கற்கவில்லை.

ஆனால் இந்தச் சடங்குத்தனத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு மிருதங்கக்காரர் தனியை எப்படித் தொடங்க விரும்புவார்? பாட்டின் நடையிலேயே, காலம் தாழ்த்தி, இடம் விட்டு, சின்னச் சொற்களாக. பாடகர் ராகத்தைத் தொட்டுத் தொட்டு விரிப்பது போலத்தான். அந்த முதல் மூன்று நிமிடம் நுட்பமானது, அமைதி கேட்பது. அந்த மூன்று நிமிடத்தில்தான் நாற்காலிகள் மடங்குகின்றன, செருப்புகள் உரசுகின்றன, “வரியா?” என்று குரல்கள் கேட்கின்றன. முப்பது ஆண்டு வாசித்தவருக்கு இது தெரியும். ஆகவே நுட்பமானதை அவர் தொடக்கத்தில் வைக்கமாட்டார். சத்தத்தை வைப்பார். போகிறவர்களில் நான்கு பேரையாவது நிறுத்திப் பார்ப்போம் என்று எடுத்த எடுப்பிலேயே வேகத்துக்குப் போவார். பிறகு நீங்கள் “எடுத்ததுமே ஒரே இரைச்சல், அதனால்தான் போகிறோம்” என்கிறீர்கள். போவதால் இரைச்சலா, இரைச்சலால் போகிறீர்களா என்பதை இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. யாராவது ஒரு தரப்பு முதலில் நிறுத்த வேண்டும், மேடையில் ஒருவர், அரங்கில் ஐந்நூறு பேர் என்ற கணக்கில் பார்த்தால் உங்களுக்குத்தான் அது எளிது.

எழுந்து போவது ரசிகர் அளிக்கும் தீர்ப்பு, டிக்கெட் வாங்கியவரின் உரிமை என்றும் சிலர் சொல்வதுண்டு. உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. தீர்ப்பு என்பதைத்தான் மறுக்கிறேன். கேட்டுவிட்டு, பிடிக்காமல், எழுந்து போனால் அது தீர்ப்பு. அதை எந்த வித்துவானும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். முதல் சொல் விழும் முன்பே, வாசிப்பவர் யார் என்று பாராமல், எல்லாச் சபாவிலும் எல்லா நாளும் எழுவது தீர்ப்பாகாது. உமையாள்புரம் சிவராமன் வாசித்தாலும் நேற்று அரங்கேறியவர் வாசித்தாலும் காபி காபிதான் என்றால் அதில் மதிப்பீடு எங்கே இருக்கிறது?

முதுமை, சர்க்கரை நோய், கடைசிப் பேருந்து இவற்றைச் சொல்கிறவர்களிடம் எனக்கு வழக்கில்லை. இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார எல்லா உடம்பும் இடம் தராது. சினிமாவுக்கு இடைவேளை இருக்கிறது, நம் கச்சேரிக்கு இல்லை. அதனால் தனியையே இடைவேளையாக்கிக்கொண்டோம். இதற்குச் சபாக்கள்தான் வழி செய்ய வேண்டும். மெயினுக்கு முன் ஐந்து நிமிடம் விட்டால் உலகம் கவிழ்ந்துவிடாது. கச்சேரியின் இன்றைய அமைப்பு ஒன்றும் வேதகாலத்தது அல்ல. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில், இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. அவர் மாற்றியதை நாமும் கொஞ்சம் மாற்றலாம். இன்று டி.எம். கிருஷ்ணா போன்ற பாடகர்கள் அந்த வரிசையைக் கலைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதை ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். அமைப்பு மாறக்கூடியது என்பதற்காகச் சொன்னேன்.

பாடகர்களையும் விட்டுவிட முடியாது. நேரத்தை எல்லாம் ராகத்திலும் ஸ்வரத்திலும் செலவழித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, “சுருக்கமாக” என்று விரலைக் காட்டுவது மேடையில் சர்வசாதாரணம். தனி நடக்கும்போது தாளம் போடும் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வேறெங்கோ வைத்திருப்பவர்களும் உண்டு. இது பழைய படிநிலையின் மிச்சம். ‘பக்கவாத்தியம்’ என்ற சொல்லிலேயே அது இருக்கிறது. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்க வித்துவான் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. இன்னொரு பெரிய மிருதங்க வித்துவானான பழனி சுப்பிரமணிய பிள்ளை அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். அகாடமிக்கே மிருதங்கத்தின் மதிப்பு புரிய அவ்வளவு காலம் ஆனது என்றால், ரசிகர்களை மட்டும் குற்றம் சொல்வது முறையல்ல என்பது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் மடல் உங்களுக்குத்தான். விருது கொடுப்பவர்கள் சில பேர், தாளம் போடக்கூடிய கைகள் ஆயிரக்கணக்கில்.

ஆகவே வரும் மார்கழிக்கு ஒரு வேண்டுகோள். முழுத் தனிக்கும் உட்காருங்கள் என்று கேட்கவில்லை. பாடகர் தலையசைத்ததும் எழாமல், வலது கையைத் தொடையில் வைத்து, அவர் போடும் தாளத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். விட்டுப்போனால் அவர் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குத்தான் அவர் அங்கே இருக்கிறார். பத்து ஆவர்த்தனம் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் எழத் தோன்றினால் எழுந்து போங்கள். கேண்டீனில் கூட்டமும் அதற்குள் குறைந்திருக்கும்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு ரசிகர்